சகோதரி சுப்பலட்சுமி: ஓர் ஆசிரியையின் 83 ஆண்டுகள்



நல்லாசிரியர் ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். யாரைப் பற்றி என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். இந்தக் கூடத்தைப் பார்க்கிறேன். பாதிக்கு மேல், பயிற்சி முடித்துப் பள்ளிகளுக்குப் போகவிருக்கும் பெண்கள். நாளை காலை சாப்பாட்டுப் பையோடு பேருந்து ஏறிப் பள்ளிக்குப் போவீர்கள். மாதம் முடிந்தால் சம்பளம் வாங்குவீர்கள். உங்களை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் பெண் ஆசிரியை என்றால் இன்று யாரும் வியப்பதில்லை. அந்த நிலையைக் கொண்டுவர உழைத்ததில் ஒரு முக்கியப் பங்கு, மங்கல காரியம் நடக்கும் வீட்டின் கூடத்துக்குக்கூட வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட இளம் விதவைகளுடையது. அவர்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. ஆகவே அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1886 ஆகஸ்டு 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்விகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். மூத்த மகள் அவர். அந்தக் காலத்து வழக்கப்படி பதினோரு வயதளவில் கல்யாணம் செய்துவைத்தார்கள். புக்ககம் போய்க் குடித்தனம் நடத்தும் வயதை எட்டுமுன்பே மணமகன் இறந்துபோனார். தாலி என்றால் என்ன என்றே முழுதாகப் புரியாத வயதில் அதை இழந்த பெண்.

அன்று ஒரு பிராமணக் குடும்பத்தில் இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டுத் தெரிந்திருப்பீர்கள். பருவம் அடைந்ததும் தலைமுடி மழிக்கப்படும். நார்மடிப் புடவையை முக்காடாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு. பூவும் பொட்டும் வளையும் போய்விடும். வெளியே கிளம்புகிறவர்கள் எதிரே வந்துவிட்டால் திரும்ப வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவார்கள். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட மட்டும் அவள் வேண்டும். பத்து வயதிலிருந்து எழுபது வயது வரை அடுக்களை இருட்டில் கிடந்து செத்தவர்கள் எத்தனை பேர்! இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பெற்ற மகள்மேல் உயிரையே வைத்திருந்த தகப்பன்களும் சாத்திரத்துக்கு அஞ்சியும் ஊருக்கு அஞ்சியும் அம்பட்டனை வரவழைத்தார்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது அதுதான்.

சுப்பிரமணிய ஐயர் வரவழைக்கவில்லை. மகளின் கூந்தலில் கை வைக்க விடவில்லை. தாமே உட்கார்ந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பிறகு பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்த்தார். வைதிகக் குடும்பத்து விதவைப் பெண் கிறித்தவக் கன்னியர் பள்ளிக்குப் போவதா என்று உறவினர்கள் ஏசினார்கள். சாதியை விட்டுத் தள்ளிவைப்போம் என்ற மிரட்டலும் வந்தது. தகப்பனும் தாயும் அசையவில்லை.

இவர்களோடு இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். தாயின் தங்கை வாலாம்பாள். அவரும் இளவயதில் கணவனை இழந்தவர். சுப்பலட்சுமிக்குச் சித்தி, பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கும் அவரே சித்தி. சகோதரியைப் பற்றிய கட்டுரைகளில் இந்தச் சித்திக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. இளம் விதவைகளுக்கு ஒரு இல்லம் என்றால் முதலில் வேண்டியது பாடத்திட்டமா? அடுப்பு எரிய வேண்டும். மடி ஆசாரம் தெரிந்த ஒரு பெரியவள் அங்கே இருக்க வேண்டும். இரவில் அழும் எட்டு வயதுக் குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். 'என் பெண்ணை யாரை நம்பி விடுவது' என்று வாசலில் நின்று கேட்கும் தகப்பனுக்குக் காட்ட ஒரு முகம் வேண்டும். அந்த முகம் சித்தியுடையது. வெளியுலகில் சகோதரி செய்ததெல்லாம் உள்ளே சித்தி இருந்ததால் நடந்தது.

படிப்பில் சுப்பலட்சுமி எந்தத் தேர்விலும் பின்தங்கியதில்லை. பெண்களுக்கென்று ராணி மேரி கல்லூரி 1914-இல்தான் வருகிறது. அதற்கு முன்பே இவர் மாநிலக் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்து, 1911-இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். அப்போது அவருக்கு வயது 24. அதோடு நின்றிருந்தாலும் வரலாற்றில் ஒரு வரி இருந்திருக்கும். நிற்கவில்லை.

இங்கேதான் அவருடைய அறிவின் கூர்மையைப் பார்க்க வேண்டும். அன்றைய நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெண்களுக்குப் பள்ளிகள் திறக்க அரசாங்கம் தயாராக இருந்தது. பெண் ஆசிரியைகள் இல்லை. ஆண் ஆசிரியர் என்றால் பத்து வயதுக்கு மேல் பெண்ணை அனுப்பமாட்டார்கள். இந்துக் குடும்பங்களில் கல்யாணமான பெண் வேலைக்குப் போகமாட்டாள். கல்யாணமாகாத வளர்ந்த பெண் என்று ஒருத்தி வீட்டில் இருக்கவே மாட்டாள். கிறித்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எண்ணிக்கை போதவில்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு கணவனும் குழந்தையும் இல்லாத, புத்தி உள்ள இளம்பெண்கள் யாருக்கும் வேண்டாதவர்களாக முடங்கிக் கிடக்கிறார்கள். ஒன்று கல்வித் துறையின் கவலை, மற்றொன்று குடும்பங்களின் துக்கம் என்று எல்லோரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் சுப்பலட்சுமி. பள்ளி ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற பெண்மணியும் அதே வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். இருவரும் கை கோத்தார்கள்.

இரக்கத்தால் விதவைக்குச் சோறு போட்ட மடங்களும் சத்திரங்களும் நம் நாட்டில் என்றும் உண்டு. சோறு போட்டால் அவள் உயிரோடு இருப்பாள், அவ்வளவுதான். சம்பளம் வாங்கினால் அவள் குடும்பத்தில் ஒரு ஆள். தம்பி படிப்புக்குப் பணம் அனுப்புகிறவளை யாரும் சகுனத் தடை என்று சொல்லத் துணியமாட்டார்கள். அந்தப் பெண்களுக்குச் சுப்பலட்சுமி கொடுத்த விடுதலை இந்த வடிவில் இருந்தது. வேறு எந்த வடிவத்தையும்விட இது உறுதியானது என்பது என் தீர்மானமான கருத்து.

1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். விதவைகளுக்கான சாரதா இல்லமும் அப்போதே தொடங்கியது. எழும்பூரில் ஒரு வீடு, நான்கு இளம்பெண்கள், சித்தி, சுப்பலட்சுமி. அவ்வளவுதான் ஆரம்பம். பெண்கள் வர வர இடம் போதாமல், கடைசியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கிடைத்தது.

அந்தக் கட்டடத்தின் கதையும் சுவையானதுதான். 1842-ஐ ஒட்டி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்பவர் கைக்கு வந்தது. 1897-இல் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பியபோது அங்கே தங்கினார். இராமகிருஷ்ணானந்தர் தம் மடத்தைச் சில ஆண்டுகள் அங்கேதான் நடத்தினார். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நீங்கள் சுற்றுலா போய்ப் பார்க்கும் அதே கட்டடம். அங்கே போகிறவர்கள் விவேகானந்தர் தங்கிய அறையைப் பார்க்கிறார்கள். கால் நூற்றாண்டு காலம் அதே மாடிப்படிகளில் சிலேட்டும் புத்தகமுமாக ஏறி இறங்கிய விதவைப் பெண்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். கடலைப் பார்த்த சன்னல்கள் அந்த வீட்டில். அதுவரை கொல்லைப்புறத்தைத் தவிர வேறெதையும் பார்த்திராத பெண்கள் அவர்கள்.

அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும். சமையல், மடி, விரதம் எல்லாம் ஆசாரப்படி நடந்தன. இதை இன்று நாம் ஏற்க முடியுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வேறு சாதியில் அதே வயதில் அதே துன்பத்தில் இருந்த பெண்ணுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எதற்கு அஞ்சினார் என்பதையும் பார்க்க வேண்டும். 1889-இல் பண்டித ரமாபாய் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனம் தொடங்கினார். பின்னர் அது பூனாவுக்கு மாறியது. பெண்கள் கிறித்தவ மதத்தில் ஈர்க்கப்படுகிறார்கள் என்று 1893-இல் பெரும் கூச்சல் எழுந்தது. ஆதரித்து வந்த இந்துப் பிரமுகர்கள் விலகினார்கள். பெற்றோர் பெண்களைத் திருப்பி அழைத்துப் போனார்கள். ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் பந்துலு 1881-இல் முதல் விதவை மறுமணத்தை நடத்திவைத்தபோது கிளம்பிய எதிர்ப்பும் தென்னாட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு சின்ன வதந்தி போதும், அத்தனை தகப்பன்மாரும் ஒரே நாளில் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவார்கள். பெண்கள் பழைய இருட்டுக்கே திரும்பிப் போவார்கள். ஆகவே சுப்பலட்சுமி ஆசாரத்தோடு சண்டைக்குப் போகவில்லை. ஆசாரம் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு, பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுமணத்தை அவர் இயக்கமாக நடத்தவில்லை, தாமும் செய்துகொள்ளவில்லை. கடைசி வரை வெள்ளைப் புடவைதான்.

இதைத் தந்திரம் என்று மட்டும் சொன்னால் அவருக்கு அநீதி செய்தவர்களாவோம். அவர் உண்மையான பக்தை. சமய வாழ்வை அவர் வேடமாகப் போட்டுக்கொள்ளவில்லை. கன்னியர் பள்ளியில் படித்தவர். அந்தக் கன்னியர் தமக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் பிறர் பிள்ளைகளுக்காக வாழ்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். மதம் மாறவில்லை. அந்தத் தொண்டைத் தம் மதத்துக்குள் கொண்டுவந்தார். அவரை ஊர் சிஸ்டர் என்று அழைத்ததும் அதனால்தான். அவருக்குப் பக்தி என்பது பூஜை அறையில் முடிந்துபோகிற காரியமாக இல்லை. தாம் வளர்த்த சாரதா வித்யாலயத்தை 1938-இல் இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். தியாகராய நகரில் இன்றும் அது நடக்கிறது.

சாரதா வித்யாலயம் எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹவுஸ் இல்லம் சிறுவயது விதவைகளுக்கு. வயது முதிர்ந்தபின் வருகிறவர்களை என்ன செய்வது? கணவன் இருந்தும் கைவிடப்பட்டவர்களை? அவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியாக அது வளர்ந்தது. ஒரு விதி யாரையாவது வெளியே நிறுத்தினால், அந்த விதியோடு மல்லுக்கட்டாமல் பக்கத்திலேயே இன்னொரு கதவு வைத்துவிடுவது அவர் வழக்கம். கடற்கரைக் குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்ததும் அப்படித்தான். ஐஸ் ஹவுஸ் வாசலில் நின்றால் குப்பம் தெரியும். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வர் இவர். பெண்களுக்கென்றே ஆசிரியப் பயிற்சி, பக்கத்திலேயே பாடம் நடத்திப் பழக ஒரு மாதிரிப் பள்ளி. நீங்கள் இப்போது பாடக் குறிப்பேடு எழுதிக்கொண்டு, பின்வரிசையில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கக் கை நடுங்க வகுப்பு எடுக்கிறீர்களே, அந்த நடுக்கத்தை அன்று ஒரு இளம் விதவை எத்தனை மடங்கு பட்டிருப்பாள்! அவள் குரலை உயர்த்திப் பேசியே பழகாதவள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கேள்வி கேட்க வேண்டும், அதிகாரத்தோடு. இந்த மாற்றத்தைச் சட்டம் கொண்டுவரவில்லை. தினசரிப் பயிற்சி கொண்டுவந்தது.

சட்டத்துக்கும் அவர் பாடுபட்டார். அரசு ஊழியர் என்பதால் அரசியல் மேடை ஏற முடியாது. இந்திய மாதர் சங்கத்தோடு சேர்ந்து குழந்தை மணத்துக்கு எதிராகப் பேசினார். 1929-இல் சாரதா சட்டம் வந்து, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வைத்தது. அவருக்குக் கல்யாணம் நடந்தபோது அந்தச் சட்டம் இருந்திருந்தால் அவர் விதவையாகியே இருக்கமாட்டார்.

விருதுகள் வந்தன. 1920-இல் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம், 1958-இல் பத்மஸ்ரீ. 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். இவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அவருடைய ஓய்வுக் காலம்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1942-இல், அரசுப் பணி முடியும் வயதில், மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்குகிறார். படிப்பைப் பாதியில் விட்ட வயதுவந்த பெண்களுக்கான பள்ளி. 1954-இல், 68 வயதை நெருங்கும்போது, தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சமூக நல மையம். இன்று மாடம்பாக்கம் நகரத்தோடு ஒட்டிவிட்டது. அன்று அது கிராமம். அங்கே யார் வந்தாலும் சாதி கேட்கவில்லை. 1956-இல், எழுபதாவது வயதில், மயிலாப்பூர் லேடீஸ் கிளப் வழியாக வித்யா மந்திர் பள்ளி உருவாக முன்னின்றார். ஐஸ் ஹவுஸில் ஒரு சாதிக்கு மட்டும் திறந்த கதவையும் மாடம்பாக்கத்தில் எல்லோருக்கும் திறந்த கதவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வாழ்க்கையின் நீளம் புரியும். நாற்பது ஆண்டுகளில் அவர் தம்மையும் வளர்த்துக்கொண்டார். நீண்ட ஆயுள் பலருக்குக் கிடைக்கிறது. அதை இப்படிச் செலவிடுகிறவர்கள் குறைவு.

அவருடைய வாழ்க்கையை மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி நூலாக எழுதினார். 1966-இல் வெளிவந்தது. நம் ஊர்ப் பெண்ணின் கதையை நன்றாகக் கேட்டு எழுத ஒரு வெளிநாட்டார் வர வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தல்தான். அதைவிடப் பெரிய உறுத்தல், இல்லத்தில் படித்து மாகாணம் முழுவதும் ஆசிரியைகளாகப் போன பெண்களைப் பற்றி நம்மிடம் அநேகமாக எதுவும் எழுதப்படவில்லை என்பது. ஏதோ ஒரு சிற்றூரில் முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தம்பி பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு, வெள்ளைப் புடவையோடு போய்ச் சேர்ந்தவர்கள். உங்கள் குடும்பத்திலும் ஒரு டீச்சர் அத்தை, ஒரு டீச்சர் பாட்டி இருந்திருக்கலாம். அவர் எங்கே படித்தார், யார் படிக்கவைத்தார் என்று விசாரித்து எழுதிவையுங்கள். பழைய பள்ளிகளின் பதிவேடுகள் கறையான் அரிப்பதற்குள் யாராவது அந்தப் பெயர்களைப் படியெடுத்தால் நல்லது.

சகோதரி 1969 டிசம்பர் 20 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில் காலமானார். 83 வயது. அந்த நாளில் உயிர் பிரிவதைப் பெரும் பேறாகக் கருதும் நம்பிக்கையில் வாழ்ந்தவர்.

மாணவியரே, ஒரே ஒரு வேண்டுகோள். குழந்தை மணம் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 18 என்கிறது; ஆனாலும் தமிழ்நாட்டில் பதினைந்து, பதினாறு வயதில் கல்யாணம் பேசி முடிக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. முதலில் தெரியவருவது வகுப்பாசிரியருக்குத்தான். கோடை விடுமுறை முடிந்து ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ ஒரு பெண் வரவில்லை என்றால், வருகைப் பதிவேட்டில் 'வ.இ.' என்று போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடாதீர்கள். அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போங்கள். தகப்பனிடம் சண்டை போடாமல் பேசுங்கள்; தாயிடம் தனியாகப் பேசுங்கள்; சித்தி, அத்தை யாராவது உங்கள் பக்கம் நிற்பார்களா என்று பாருங்கள். அப்படியும் முடியாவிட்டால் 1098 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். அவளைத் திரும்ப வகுப்பில் கொண்டுவந்து உட்காரவையுங்கள்.